மோட்டார்ஹோம் வாங்குமுன் எதை ஒப்பிட வேண்டும்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் மோட்டார்ஹோம், அதாவது தானே ஓடும் வீட்டு வண்டி, வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் உட்புற அமைப்பில்தான் மனத்தைப் பறிகொடுக்கிறார்கள். படுக்கை எங்கே இருக்கிறது, சமையல் மேடை எவ்வளவு அகலம், குளியலறைக்குள் நின்று திரும்ப முடியுமா என்பவையெல்லாம் கண்காட்சியில் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த வண்டி மூன்று குளிர்காலங்களைக் கடந்த பின் எப்படி இருக்கும், பழுது வந்தால் அதை யார் ஏற்றுக்கொண்டு சரிசெய்வார்கள் என்பவை அங்கே தெரியாது. நாங்கள் நியூ ஜெர்சியில் இருந்துகொண்டு ஒரு சி வகை (ஓட்டுநர் இருக்கைக்கு மேலே படுக்கைப் பகுதி நீட்டிக்கொண்டிருக்கும்) மோட்டார்ஹோமைப் பல ஆண்டுகளாக ஓட்டி வருகிறோம். இப்போது அதைக் கொடுத்துவிட்டு வேறொன்றுக்கு மாற எண்ணி, நிறுவனங்களை மறுபடியும் ஒப்பிட்டுப் பார்த்து வருகிறோம். வண்டியின் நெற்றியில் எழுதியிருக்கும் பெயரைவிட, அதன் கூட்டை, அதாவது சுவரும் கூரையுமாகிய குடியிருப்பு உடலை, கட்டிய விதமும் அதை உள்ளே விட்டுப் பார்க்கும் பணிமனையும்தான் முக்கியம் என்பதே இத்தனை காலப் பயன்பாட்டில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து.

முதலில் எது யாருக்குச் சொந்தம் என்பதைப் பார்த்துவிட வேண்டும், ஏனெனில் கண்காட்சித் திடலில் எதிரெதிரே நின்று போட்டியிடுவதாகத் தோன்றும் பல பெயர்கள் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 1980-இல் ஏர்ஸ்ட்ரீமை வாங்கித் தொழிலைத் தொடங்கிய தோர் இண்டஸ்ட்ரீஸ், 2016-இல் ஜேகோவையும் அதனோடு என்டெக்ராவையும், 2020-இல் டிஃபினையும் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. ஃபாரஸ்ட் ரிவர் 2005 முதல் பெர்க்‌ஷயர் ஹாத்வே என்ற முதலீட்டுக் குழுமத்தின் கையில் இருக்கிறது. கோச்மென் என்ற பழைய பெயரும் அதன் கீழ்தான் வருகிறது. அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டியில் 1958-இல் தொடங்கிய வின்னபேகோ 2019-இல் நியூமாரை வாங்கியது. இவற்றின் ஆலைகளில் மிகப் பல இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்திலேயே இருப்பதால், தொழிலாளர்கள் ஓர் ஆலையிலிருந்து அடுத்ததற்கு மாறிப்போவதும் அங்கே சாதாரணம். ஆயினும் உரிமையாளர் ஒருவரே என்பதால் தரமும் ஒன்றே என்று கொள்ள முடியாது. ஒரே குழுமத்துக்குள் வாரண்டிக் காலம், கூரைப் பொருள், ஆலைப் பணிமனை ஆகிய மூன்றும் பெயருக்குப் பெயர் வேறுபடுகின்றன.

அடுத்தது, வண்டியில் இருக்கும் பொருள்களில் எவை உண்மையில் அந்த நிறுவனத்தினுடையவை என்ற கேள்வி. சி வகை வண்டிகளில் பெரும்பாலானவை ஃபோர்டு இ-450 சேசிஸில் (எஞ்சினும் சக்கரமும் கொண்ட அடிச்சட்டத்தில்) கட்டப்படுகின்றன. பெட்ரோலில் ஓடும், பேருந்து போன்ற உருவம் கொண்ட ஏ வகை வண்டிகளுக்கு ஃபோர்டு எஃப்-53, பின்புறம் டீசல் எஞ்சின் கொண்ட பெரிய வண்டிகளுக்கு ஃபிரைட்லைனர் அல்லது ஸ்பார்ட்டன். ஜெனரேட்டர் பெரும்பாலும் ஓனான் என்ற நிறுவனத்தினுடையது. குளிர்பெட்டியும் ஏசியும் பல வண்டிகளில் டோமெட்டிக். வெந்நீர்க் கலன் பலவற்றில் சபர்பன். ஸ்லைடு அவுட் (வண்டியை நிறுத்திய பின் பக்கச் சுவரோடு வெளியே நீளும் பெட்டி), படிக்கட்டு, சமன்செய்யும் ஜாக்கி ஆகியவை பல இடங்களில் லிப்பர்ட். ஆகவே "இந்த பிராண்டில் ஃபிரிட்ஜ் நன்றாக இருக்கிறது, அந்த பிராண்டில் ஏசி மோசம்" என்ற பேச்சுக்குப் பெரிய பொருள் இல்லை. ஒரே ஆலையில் அடுத்தடுத்து இறங்கிய இரண்டு வண்டிகளில்கூட வெவ்வேறு குளிர்பெட்டி இருக்கலாம். வாங்குபவருக்கு இதனால் வரும் நடைமுறைத் தொல்லை வேறு: எஞ்சினுக்கு ஃபோர்டின் வாரண்டி, குளிர்பெட்டிக்கு அதைச் செய்தவரின் வாரண்டி, கூட்டுக்கு மட்டும் மோட்டார்ஹோம் நிறுவனத்தின் வாரண்டி என்று பொறுப்பு பல துண்டுகளாகப் பிரிந்து கிடக்கும். ஒரு பழுது இரண்டு துண்டுகளுக்கு நடுவில் விழுந்தால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

கூடுதான் நிறுவனத்தின் சொந்த வேலை, எனவே ஒப்பிட வேண்டிய முதல் இடமும் அதுதான். மோட்டார்ஹோமின் முதல் எதிரி தண்ணீர். சி வகையில் ஓட்டுநர் இருக்கைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் படுக்கைப் பகுதி, காற்றையும் மழையையும் நேருக்கு நேர் வாங்குவதோடு, கூரையும் முன்முகமும் பக்கச் சுவரும் சந்திக்கும் இணைப்புகளையும் தன்னிடம் வைத்திருக்கிறது. எங்கள் வண்டியில் வெளியே நெற்றியில் வரிசையாக இருக்கும் சிறிய ஆரஞ்சு விளக்குகளில் ஒன்றின் அடியில் சீலன்ட் (தண்ணீர் புகாமல் இடைவெளியை அடைக்கும் பசை) சுருங்கி, நகக்கண் அளவு இடைவெளி விட்டிருந்தது. உள்ளே எந்த ஒழுகலும் தெரியவில்லை. படுக்கையைத் தூக்கி, முன் மூலையில் சுவர்ப் பலகையைக் கட்டைவிரலால் அழுத்தியபோதுதான் அது ஈரப் பிஸ்கட்போல் உள்வாங்கியது. பலகையைக் கழற்றியதும் ஸ்டேப்பிள் ஊசிகள் துருவேறிப் பழுப்புக் கோடுகளாக வழிந்திருந்தன. விளக்கைப் பொருத்தும்போது கூடுதலாக ஒரு சுற்று சீலன்ட் வைத்திருந்தால் வந்திருக்காத பழுது அது. அதன் பிறகு எந்த வண்டியைப் பார்த்தாலும் நான் முதலில் ஏறுவது கூரைக்குத்தான்.

கூரையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஒரே துண்டாக வரும் ஃபைபர் கிளாஸ் கூரை, ரப்பர் போன்ற டி.பி.ஓ. விரிப்புக் கூரையைவிட விலை கூடியது. ஆனால் மரக்கிளை உரசினால் எளிதில் கிழியாது. வின்னபேகோவும் டிஃபினும் ஃபைபர் கிளாஸ் கூரையை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றன. முன்முகத்தில் சன்னல் இல்லாமல், இணைப்புகளும் இல்லாமல் ஒரே அச்சில் வார்த்த மூடி இருந்தால் ஒழுகுவதற்கு ஓர் இடம் குறைகிறது. ஃபுளோரிடாவின் கோச் ஹவுஸ் இதை எல்லை வரை கொண்டுபோய் உடல் முழுவதையும் ஒரே ஃபைபர் கிளாஸ் கூடாக வார்க்கிறது. அளவில் சிறியதாகவும் விலையில் பெரியதாகவும் இருப்பதால் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு அது ஒத்துவராது. எந்தக் கூரையானாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏறி, சீலன்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இதைச் செய்யாததைக் காரணம் காட்டி வாரண்டியை மறுப்பதற்கு நிறுவனங்களின் கையேட்டிலேயே இடம் இருக்கிறது.

ஸ்லைடு அவுட்டைப் பொறுத்தவரை என் கருத்து கொஞ்சம் கடுமையானது: எண்ணிக்கை குறைவாக இருப்பதே நல்லது. சுவருக்குள்ளேயே பல்சட்டமும் இரு மோட்டார்களும் கொண்ட ஷ்வின்டெக் வகை எடை குறைவு, இடமும் அடைக்காது. ஆனால் இரு மோட்டார்களும் ஒத்திசைவு இழந்தால் பெட்டி கோணலாகி நின்றுவிடும். பொத்தானை இடையில் விட்டு விட்டு அழுத்தாமல், பெட்டி முழுமையாக வெளியே வந்த பிறகும் சில வினாடிகள் அழுத்திப் பிடித்திருந்தால் மோட்டார்கள் தாமாகவே மறுபடி ஒத்துப்போகும். விற்பனையாளர்களில் பலர் இதைச் சொல்லித் தருவதில்லை. கனமான சமையலறையையே தாங்கி வெளியே வரும் பெரிய ஸ்லைடுக்கு ஹைட்ராலிக் அமைப்புதான் பொருத்தம் என்பது என் அனுபவம்.

இனி சர்வீஸ். எங்களுக்கு விற்ற டீலரிடம் கோடையின் தொடக்கத்தில் வண்டியை விட்டோம். நிறுவனத்தின் ஒப்புதலுக்கு முதலில் காத்திருந்தது. பிறகு உதிரிப் பாகத்துக்குக் காத்திருந்தது. பாகம் வந்தபின் பணியாளர் விடுப்பில் இருந்தார். பயணக் காலம் முடிந்த பிறகுதான் வண்டி கைக்கு வந்தது. இது அந்த ஒரு டீலரின் குணம் மட்டுமன்று. வாரண்டி வேலைக்கு நிறுவனம் கொடுக்கும் மணிக்கூலி, வாடிக்கையாளரிடம் நேரடியாக வாங்கும் கூலியைவிடக் குறைவாக இருப்பது வழக்கமாதலால், வாரண்டி வண்டிகள் வரிசையின் பின்னால் தள்ளப்படுகின்றன. வேறு இடத்தில் வாங்கிய வண்டியைத் தொடவே மறுக்கும் டீலர்களும் உண்டு. ஆகவே தொலைவில் உள்ள மாநிலத்தில் சில ஆயிரம் டாலர் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவருவது, அருகில் கதவு மூடப்படும் என்பதற்கு ஒப்புக்கொள்வதாகும்.

இந்த நிலையில்தான் ஆலையோடு சேர்ந்த பணிமனை உள்ள நிறுவனங்கள் தனித்துத் தெரிகின்றன. டிஃபின் வண்டி வைத்திருப்பவர்கள் அலபாமாவின் ரெட் பே என்ற சிற்றூருக்கே ஓட்டிச் சென்று, அங்குள்ள முகாமில் தங்கிப் பழுது பார்த்துக்கொள்கிறார்கள். ஆலையில் வேலை பார்த்த பலர் அதே ஊரில் தனிப் பட்டறைகளும் வைத்திருக்கிறார்கள். நியூமாருக்கு இந்தியானாவின் நப்பனியிலும், வின்னபேகோவுக்கு ஃபாரஸ்ட் சிட்டியிலும், ஃபிரைட்லைனர் சேசிஸுக்குத் தென் கரோலினாவின் காஃப்னியிலும் இதேபோன்ற ஏற்பாடு இருக்கிறது. வண்டியைக் கட்டியவர்களே அதைப் பிரித்துப் பார்ப்பதால் நோய் எங்கே என்று தேடுவதில் நேரம் போகாது. ஆனால் கிழக்குக் கரையிலிருந்து ஃபாரஸ்ட் சிட்டி ஆயிரம் மைலுக்கு மேல் என்பதையும், விடுப்பு கிடைக்க வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பிராண்டுகளைப் பற்றி இப்போது என் கணிப்பைச் சொல்லலாம். நியூமார் வண்டிகளில் அலமாரி வேலைப்பாடும் மின்கம்பிகளை ஒழுங்காகக் கட்டி அடையாளமிட்ட விதமும் நான் பார்த்தவற்றுள் சிறந்தவை. சில லட்சம் டாலர் செலவிட முடிந்தவர்களுக்கு அதுவே முதல் தேர்வாக இருக்கும். வின்னபேகோவில் எனக்கு மிகப் பிடித்தது பளபளப்பு அன்று; பல ஆண்டுகளுக்கு முந்தைய வண்டிகளுக்கும் மின்சுற்று, குழாய் வரைபடங்களையும் பாகப் பட்டியலையும் யாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டிருப்பது. தனிப் பட்டறைக்காரரிடம் அந்த வரைபடத்தை நீட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும். ஜேகோவும் என்டெக்ராவும் பலர் ஓராண்டு கொடுக்கும் இடத்தில் இரண்டாண்டு வாரண்டி கொடுக்கின்றன. பல குறைகள் முதல் ஆண்டில் வெளிப்பட்டு இரண்டாம் ஆண்டில்தான் சரிசெய்யப்படுகின்றன என்பதால் இது சிறிய சலுகை அன்று. ஜேகோவின் சி வகையில் துணை வில்களும் சாய்வைக் கட்டுப்படுத்தும் கம்பிகளும் ஆலையிலேயே பொருத்தப்படுவதால், பெரிய லாரி கடந்துபோகும்போது வண்டி பக்கவாட்டில் தள்ளப்படுவது குறைவாக இருப்பதை ஓட்டிப் பார்த்து உணர்ந்தேன். கோச்மென், தோர் மோட்டார் கோச் ஆகியவற்றின் பலம் விலையும் எங்கும் பரவியிருக்கும் டீலர்களும்தான். அங்கே வண்டிக்கு வண்டி தரம் மாறுவதாக எனக்குப் படுவதால், பிராண்டை நம்பாமல் கண்முன் நிற்கும் அந்த ஒரு வண்டியை மட்டும் சோதித்து முடிவெடுக்க வேண்டும். கனடாவின் மானிடோபாவில் கட்டப்படும் லெஷர் டிராவல் வேன்ஸ் கட்டுமானத்தில் அருமை. இருவருக்கு மட்டுமே ஏற்றது.

சட்டப் பாதுகாப்பை நம்பி அசட்டையாக இருக்க முடியாது. குறைபாடுள்ள புதிய வாகனத்தைத் திருப்பித் தர வழிசெய்யும் மாநிலச் சட்டங்களில் பல, மோட்டார்ஹோமின் குடியிருப்புப் பகுதியை விலக்கிவிடுகின்றன. வண்டிகள் பெருமளவில் கட்டப்படும் இந்தியானாவின் சட்டமோ மோட்டார்ஹோமையே விலக்கிவைத்திருக்கிறது. அதை அங்குள்ளவர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். 1975-இன் மேக்னசன்-மாஸ் கூட்டாட்சி வாரண்டிச் சட்டம் துணைக்கு வரும், ஆனால் அது வழக்கறிஞர் வழியாக வரும் துணை.

பழைய வண்டி பார்ப்பவர்கள் தயாரிப்பு ஆண்டையும் கவனிக்க வேண்டும். பெருந்தொற்றுக் காலத் தேவையால், வேறு வாகனத்தால் இழுத்துச் செல்லப்படும் வீட்டு வண்டிகளும் சேர்ந்து, 2021-இல் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் ஆலைகளிலிருந்து வெளியேறின. அது இத்துறையின் உச்சம். அந்த அவசரத்தில் கட்டியவை எல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த ஆண்டு வண்டிக்குத் தனிச் சோதகரை அழைக்காமல் பணம் கொடுக்க மாட்டேன். டயரின் பக்கத்தில் உள்ள கடைசி நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் காட்டும். பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஏழு ஆண்டைத் தாண்டியிருந்தால் புதிய டயர்களின் விலையைக் கழித்தே பேரம் பேச வேண்டும். உள்ளே ஒட்டியிருக்கும் மஞ்சள் சீட்டில் ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எவ்வளவு எடை ஏற்றலாம் என்று எழுதியிருக்கும். இ-450 சேசிஸின் மொத்த எல்லை 14,500 பவுண்டு. 31 அடிக் கூட்டையும் இரண்டு ஸ்லைடுகளையும் அதன்மேல் வைத்த பிறகு மிஞ்சுவது சில வண்டிகளில் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. 40 கேலன் தண்ணீர் மட்டுமே 330 பவுண்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும்.

எங்கள் பட்டியலில் இப்போது ஒரு ஜேகோவும் ஒரு வின்னபேகோவும் மிஞ்சியிருக்கின்றன. இரு டீலர்களிடமும் மூன்று கேள்விகளை எழுதிக் கேட்டிருக்கிறோம்: வாரண்டி வேலைக்கு ஜூன் மாதத்தில் எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும், சான்று பெற்ற பணியாளர்கள் எத்தனை பேர், பணம் முழுவதும் கட்டுமுன் எங்கள் சோதகர் தண்ணீரும் மின்சாரமும் இணைத்து ஒரு நாள் முழுவதும் வண்டியைப் பார்க்க விடுவார்களா. ஒருவர் அனைத்துக்கும் எழுத்தில் பதில் அனுப்பிவிட்டார். மற்றவர் நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம் என்கிறார். முன்பணத்தை முதலாமவரிடம் கட்டுவதாக இருக்கிறோம்.