எயார்பேக் லைற்றை அணைத்தார்கள், பழுதைத் தொடவே இல்லை

பழைய போர்ஷ பொக்ஸ்ரர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள். என்னுடையது 2001ஆம் ஆண்டு 986 மொடல்.

மாசி மாதம் ஒரு காலை சிவப்பு எயார்பேக் லைற் அணையவில்லை. சாவியைத் திருப்பினால் சில விநாடி எரிந்து தானாக அணைய வேண்டியது அது. எரிந்துகொண்டே இருந்தால் எம்ஓடி, அதாவது இங்கிலாந்தில் வருடாவருடம் நடக்கும் வாகனப் பரிசோதனை, தேறாது. எனக்கு எம்ஓடிக்கு இருந்தது 3 கிழமைதான்.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி வடமேற்கு லண்டனில் ஒரு கராஜுக்குப் போனேன். நம்மவர் நடத்துவது என்பதால் நம்பிக்கை கொஞ்சம் கூட. உள்ளங்கை அளவு ஸ்கேனரைச் செருகி 2 நிமிடம் பார்த்தார். “தம்பி, எயார்பேக் கம்ப்யூட்டர் செத்துப்போச்சு. மாத்தத்தான் வேணும்.” “என்ன கோட் வந்தது அண்ணை?” என்று பழுதுக் குறியீட்டைக் கேட்டேன். “அதெல்லாம் உமக்கு விளங்காது” என்றார்.

அந்தச் சின்ன ஸ்கேனர் வாசிப்பது எஞ்சின் கோட்களை மட்டும்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இந்தக் காரின் எயார்பேக், ஏபிஎஸ் பிரேக் பழுதுகளைப் பார்க்க டுராமெட்ரிக் மாதிரி, போர்ஷவின் அந்தப் பகுதிகளையும் வாசிக்கக்கூடிய கருவி வேண்டும். அதாவது, எந்தப் பழுதையும் பார்க்காமலே கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்.

640 பவுண் கேட்டார். காசாகத் தந்தால் 50 குறைப்பதாகச் சொன்னார், தந்தேன். லைற் அணைந்தது. 9ஆம் நாள் திரும்ப எரிந்தது. இந்த முறை ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் கிளொக் ஸ்பிரிங் (எயார்பேக்குக்கு மின் இணைப்புக் கொடுக்கும் சுருள்) என்றார்கள், இன்னொரு 210. அதற்குப் பிறகு ஒரு கிழமைகூடத் தாங்கவில்லை.

அப்புறம்தான் போர்ஷ மட்டும் பார்க்கும் ஒருவரிடம் போனேன். என்னைப் பக்கத்தில் இருத்தி மடிக்கணினியைக் காட்டினார். டிரைவர் சீற் பெல்ற் பூட்டில் பழுது என்று தெளிவாக வந்தது. பூட்டுக்குள் பெல்ற் மாட்டியிருக்கிறதா என்று சொல்லும் சின்ன சுவிட்ச் ஒன்று இருக்கிறது. இந்த மொடலில் அது தேய்ந்து எயார்பேக் லைற்றை எரியவைப்பது வழக்கமான பழுதாம். கோட்டை அழித்தார், லைற் அணைந்தது. பெல்ற்றை மாட்டி, பூட்டைப் பிடித்து இரண்டு தரம் ஆட்டினார். லைற் எரிந்தது. அதே கோட். புதுப் பூட்டும் கூலியும் சேர்த்து 165 பவுண்.

சரி, முதல் கராஜில் மாற்றியதாகச் சொன்ன கம்ப்யூட்டரைப் பார்ப்போம் என்று, அதை மூடியிருக்கும் நடுக் கொன்சோலை (இரண்டு முன் சீற்றுக்கும் இடையில் உள்ள பகுதி) கழற்றச் சொன்னேன். கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் சாம்பல் நிறத்தில் தூசு படிந்திருந்தது, ஒரு விரல் தடம்கூட இல்லை. நட்டுகளில் தொழிற்சாலையில் வைத்த மை அடையாளம் உடையாமல் அப்படியே இருந்தது. 23 வருடமாக அதை யாரும் தொடவில்லை. அவர்கள் செய்தது கோட்டை அழித்தது மட்டும்தான்.

காசு போனது ஒரு பக்கம். லைற் எரிகிற காரில் விபத்து நடந்தால் எயார்பேக் விரியும் என்று நம்ப முடியாது. அந்தக் கிழமைகளில் பக்கத்துச் சீற்றில் என் மனைவியை ஏற்றிக்கொண்டு லண்டனைச் சுற்றியுள்ள எம்25 நெடுஞ்சாலையில் இரண்டு தரம் போய் வந்தேன். அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

ஆகவே, ஸ்கேனர் திரையைக் காட்டச் சொல்லுங்கள், கோட்டைப் படம் எடுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள். நீங்களாக எயார்பேக் வயரில் மின்சாரம் அளக்கும் மல்ரிமீற்றர் வைக்க வேண்டாம், எயார்பேக் வெடிக்கக்கூடும். பற்றரி பலவீனமாக இருந்தாலும் இந்த லைற் வரலாம், முதலில் அதைப் பாருங்கள். காசாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்: 100 பவுணுக்கு மேல் கடன் அட்டையில் கொடுத்திருந்தால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி வங்கியிடமும் கேட்டிருக்கலாம். எனக்கு அந்த வழி இல்லை.

முதல் கராஜ்காரரிடம் தொலைபேசியில் கேட்டபோது “நாங்கள் மாத்தினதுதான்” என்று வைத்துவிட்டார். படங்களோடு கடிதம் அனுப்பி 14 நாள் தவணை கொடுத்திருக்கிறேன். அது வெள்ளிக்கிழமை முடிகிறது. பணம் வராவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றத்தில் பதிவு செய்வேன். வடமேற்கு லண்டன் பக்கத்தில் எயார்பேக் கம்ப்யூட்டர் மாற்றியதாகக் காசு கொடுத்தவர்கள் யாராவது இருந்தால், கொன்சோலைக் கழற்றி அந்தத் தூசை ஒருதரம் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.