தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நேரலை வகுப்பா, பதிவு வீடியோவா?

தலவாக்கலைப் பக்கம் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு மாலையில் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். ஆறு மாதம் நேரலையில் நடத்திவிட்டு இப்போது பதிவு வீடியோவுக்கு மாறிவிட்டேன்.

நேரலையில் கேள்வியை உடனே கேட்கலாம், பதிவை எத்தனை தடவையும் ஓட்டிப் பார்க்கலாம். இதெல்லாம் தெரிந்ததுதான். எங்கள் மலையில் என்னை மாற வைத்தது வேறொன்று: பிந்தி வரும் பொதிக்கு, அதாவது இணையத்தில் வரும் தரவின் சிறு துண்டுக்கு, என்ன நடக்கிறது என்பது.

குரலும் படமும் சிறு சிறு பொதிகளாகத்தான் வருகின்றன. நேரலையில் குரலை வழக்கமாக 20 மில்லிசெக்கன் துண்டுகளாக அனுப்புவார்கள். பேச்சு இயல்பாக இருக்க ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 150 மில்லிசெக்கனுக்குள் சேர்வது நல்லது என்கிறது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம். அதனால் காத்திருக்க நேரமில்லை. பெரும்பாலும் யூடிபி (தொலைந்த பொதியைத் தானாக மறுபடி அனுப்பாத அனுப்பும் முறை) வழியாக அனுப்புவார்கள். செயலி தொலைந்ததையும் பிந்தியதையும் விட்டுவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு தொலைந்தால் செயலி சமாளித்துவிடும். ஆனால் மலை மறைக்கிற லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் நிற்கும் பிள்ளைக்கு ஐந்து நொடி சிக்னல் போனால், அந்த ஐந்து நொடிப் பாடமும் போய்விடும். சைன் என்றேனா கோசைன் என்றேனா என்பதே தெரியாமல் கணக்கு முழுக்கப் பிழைத்துப்போகும்.

பதிவு வீடியோவைச் சில நொடித் துண்டுகளாக, ஒவ்வொன்றையும் பல தரங்களில் சேர்வரில் வைத்திருப்பார்கள். பிளேயர் வரப்போகும் துண்டுகளை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும். சிக்னல் மெலிந்தால் அடுத்ததைக் குறைந்த தரத்தில் கேட்கும். தொலைந்த பொதி மறுபடியும் வரும். முப்பது நொடி கைவசம் இருந்தால் ஐந்து நொடி சிக்னல் போனது தெரியவே தெரியாது. படம் மங்கலாம், நிற்கலாம், ஆனால் நின்ற இடத்திலிருந்தே தொடரும். ஒரு வரியும் தவறாது.

டேட்டாவும் அப்படித்தான். நொடிக்கு 500 கிலோபிட் என்றால் இரண்டுக்குமே மணிக்கு 225 மெகாபைட். ஆனால் பதிவை ஒரு வீட்டில் இறக்கினால் போதும், மற்றப் பிள்ளைகள் ப்ளூடூத்தில் வாங்கிக்கொள்கிறார்கள்.

சந்தேகங்களுக்குச் சனிக்கிழமை ஒரு மணி நேரம் குரல் மட்டும். நொடிக்கு 40 கிலோபிட் என்று வைத்தாலும் 18 மெகாபைட்தான். ஃபைபர் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் நடத்திப் பார்த்ததில்லை, அங்கே நேரலை நன்றாகவே போகலாம். என் பிள்ளைகளோ சனிக்கிழமை வந்ததும், "சேர், பன்னிரண்டாவது நிமிசத்துல அந்தக் கோணம் எப்படி வந்துச்சு?" என்று இடம் சொல்லிக் கேட்கிறார்கள்.