டிஸ்சார்ஜ் என்று சொன்ன பிறகு

அம்மாவின் வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்வதற்காகத்தான் இந்த முறை இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து ஊருக்கு வந்திருந்தேன். தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனை. அறுவை சிகிச்சையில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. மறுநாளே வாக்கரைப் பிடித்து நடக்க வைத்துவிட்டார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன நாளில் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இன்னும் மனம் ஆறவில்லை.

காலை ரவுண்ட்ஸில் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்து, "காயம் நல்லா இருக்கும்மா, இன்னைக்கே வீட்டுக்குக் கிளம்பலாம்" என்றார். அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மருந்து ஏற்றுவதற்காகக் கையில் குத்தியிருந்த வென்ஃப்ளான் ஊசிக்குழாயை எடுத்தார்கள். புடவை மாற்றிக்கொண்டு, தலை வாரிக்கொண்டு, காலைத் தொங்கவிட்டபடி கட்டிலின் ஓரத்தில் அம்மா தயாராக உட்கார்ந்துவிட்டார். அப்போது மணி ஒன்பதரை இருக்கும்.

சற்று நேரத்தில் ஒரு செவிலியர் வந்து, எங்கள் அலமாரியில் மிச்சமிருந்த மாத்திரைகள், ஊசிகள், பஞ்சு, பிளாஸ்திரி எல்லாவற்றையும் ஒரு தட்டில் எண்ணி எடுத்து, மருந்தகத்துக்கு ரிட்டர்ன் அனுப்பினார். அதன் விலையைக் கழித்த பிறகுதான் பில்லை முடிப்பார்களாம். ஒரு மணிக்குச் சாப்பாட்டு வண்டி வந்தது. பக்கத்து அறையில் நின்றது, எங்கள் அறையைத் தாண்டிப் போய்விட்டது. கேட்டதற்கு, உணவுப் பட்டியலில் அம்மாவின் பெயரைக் காலையிலேயே அடித்துவிட்டதாகச் சொன்னார்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் எழுபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு, அதே மருத்துவமனைக் கட்டிலில் இருக்கும்போதே, கேன்டீனுக்கு ஓடித் தயிர் சாதம் வாங்கி வர வேண்டியிருந்தது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு மணிக்குக் கொடுக்க வேண்டிய வலி மாத்திரையைக் கேட்டபோது, "மேடம், சிஸ்டத்துல டிஸ்சார்ஜ்னு போட்டாச்சு. இனிமே நாங்க மருந்து இண்டென்ட் போட முடியாது. பில் கட்டினதும் வீட்டு மாத்திரையைக் கீழே தருவாங்க" என்றார் அந்தச் செவிலியர். அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. இளம் பெண், காலையிலிருந்து நின்ற இடத்தில் உட்காரவில்லை. வெளியே வாங்கலாம் என்றால் மருந்துச் சீட்டு, சிகிச்சை விவரம் எழுதித் தரும் டிஸ்சார்ஜ் சம்மரியோடு சேர்ந்திருந்தது, அதுவும் பில் கட்டினால்தான் கைக்கு வரும். எலும்பை அறுத்து உலோகம் பொருத்திய கால், மருந்தில்லாமல், மணிக்கணக்காகத் தொங்கவிட்டதில் கணுக்கால் வரை வீங்கிவிட்டது. அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். பணியிலிருந்த மருத்துவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, தனிச் சீட்டில் எழுதி வாங்கி, எதிர்ச்சாரிக் கடையிலிருந்து மாத்திரை கொண்டுவந்து கொடுத்தபோது மணி நான்கை நெருங்கிவிட்டது.

இந்தத் தாமதத்தில் ஒரு பகுதி காப்பீட்டுக்காக. காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒரு கேள்வி வந்திருந்ததாம்: பொருத்திய செயற்கை மூட்டின் ஸ்டிக்கர் எங்கே? எந்த நிறுவனத்தின் மூட்டு, என்ன வரிசை எண் என்று காட்டும் அந்தச் சீட்டு முக்கியமானதுதான். 2017 ஆகஸ்டில் முழங்கால் மூட்டுக்கு மத்திய அரசு உச்ச விலை வைத்த பிறகு, பில்லில் போட்ட விலை சரிதானா என்று பார்க்கவும் அது வேண்டும். ஆனால் அது அறுவை சிகிச்சை நடந்த அன்றே கேஸ் ஷீட்டில் ஒட்டப்பட்டிருந்தது. அதைப் படம் எடுத்து அனுப்ப வேண்டியவர் சாப்பிடப் போயிருந்தார்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் ஒரு விதி கொண்டுவந்தது. மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் கோரிக்கை கிடைத்த மூன்று மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் இறுதி ஒப்புதல் தர வேண்டும். தாமதத்தால் கூடுதல் செலவு வந்தால் அதை நிறுவனமே ஏற்க வேண்டும். இதை நான் பில் பிரிவில் சொன்னபோது, "நாங்க அனுப்பினதே ரெண்டரை மணிக்குத்தான் மேடம்" என்று பதில் வந்தது. ஒன்பதரையிலிருந்து இரண்டரை வரை கோப்பு வார்டிலும் மருந்தகத்திலும் அலைந்த நேரம் அந்த மூன்று மணி நேரக் கணக்கில் வராது. நோயாளி படும் பாட்டில் பாதி அந்த நேரத்தில்தான் இருக்கிறது. ஒப்புதல் வந்து, கையுறை, பஞ்சு என்று காப்பீட்டில் சேராதவற்றுக்குக் கையிலிருந்து கட்டி, வாசலில் கேட் பாஸைக் காட்டி வெளியேறும்போது இருட்டிவிட்டது.

இங்கிலாந்தை உயர்த்திப் பிடிக்க எனக்கு மனமில்லை. இதே மூட்டு அறுவை சிகிச்சைக்கு அங்கே 18 வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது இலக்கு, ஆனால் பல ஆண்டுகளாக அது எட்டப்படவில்லை. காத்திருந்தே கால் வளைந்துபோனவர்களை எனக்குத் தெரியும். டிஸ்சார்ஜ் நாளில் மருந்துப் பை வர அங்கேயும் மணிக்கணக்காகும். ஆனால் காத்திருக்கும் கூடத்தில் சாப்பாடு வரும். மாத்திரை நேரம் வந்தால் மாத்திரை வரும். வாசலைத் தாண்டும்வரை அவர் நோயாளிதான். அதோடு, கழிப்பறை இருக்கையை உயர்த்தும் சாதனம், நடைச் சட்டம் போன்றவற்றை இரவல் கொடுத்து அனுப்புவார்கள். இங்கே எங்கள் வீட்டுக் கழிப்பறையில் குந்தித்தான் உட்கார வேண்டும் என்பதை ஒருவர்கூடக் கேட்கவில்லை. கமோடு நாற்காலியை நான்தான் கும்பகோணத்தில் தேடி வாங்கினேன்.

ரத்தம் உறையாமலிருக்க வயிற்றுத் தோலுக்கடியில் தினமும் ஓர் ஊசி போட வேண்டும். யார் போடுவது? முன்பெல்லாம் சொல்லி அனுப்பினால் கம்பவுண்டர் சைக்கிளில் வருவார்; அடுப்பில் வெந்நீர் வைத்துத் தயாராக இருப்போம்; எவர்சில்வர் டப்பியிலிருந்து கண்ணாடி சிரிஞ்சை எடுத்துக் கொதிக்க வைப்பார்; போகும்போது காபி. அப்படி ஒருவர் இப்போது எங்கள் ஊரில் இல்லை. பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் மனமிரங்கி வந்து போட்டார். பார்க்க வந்த உறவினர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும் கொடுத்து, கத்திரிக்காய் கூடாது, கருவாடு கூடாது, தையல் பிரியும்வரை புளி கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த அக்கறை அந்நிய மண்ணில் கிடைக்காது என்பதை நான் நன்றாகவே அறிவேன். வருகிற ஒவ்வொருவரும் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணையை வைத்தும் விட்டுப் போனார்கள்.

அந்தத் தலையணையை எடுத்தது யார் என்பதுதான் நான் எதிர்பாராதது. மாதந்தோறும் அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தரும், தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத் தன்னார்வலர் வழக்கம்போல வந்தார். திண்ணையில் வாக்கரைப் பார்த்துவிட்டு, "பாட்டிக்கு ஆபரேஷனா? பிசியோ சார்கிட்ட சொல்றேன்க்கா" என்றார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் மாத்திரை தருவார்கள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். இயன்முறை மருத்துவரும் வீடு தேடி வருவார் என்பது தெரியாது. சொன்னபடியே அந்த வாரத்துக்குள் ஓர் இளைஞர் வந்தார். வந்ததும் தலையணையை உருவி, ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்தார். முழங்கால் மடங்கியபடியே இருந்து பழகினால் பிறகு முழுவதும் நீளாது; நீளாத காலால் நடந்தால் நொண்டல் நிற்காது என்று அம்மாவுக்குப் புரியும்படி சொன்னார். தொடைத் தசையை இறுக்கி ஐந்து எண்ணும்வரை பிடிப்பது, பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, நாற்காலியில் அமர்ந்து காலைப் பின்னுக்கு இழுப்பது எல்லாவற்றையும் செய்ய வைத்தார். தஞ்சாவூரில் கொடுத்த காகிதத்திலும் இவையெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. அம்மாவால் படிக்க முடியாத காகிதம். அந்த இளைஞர் ஒரு ரூபாய் கேட்கவில்லை, மோர் மட்டும் குடித்தார்.

இடது காலுக்கும் அடுத்த ஆண்டு செய்யலாம் என்கிறார் டாக்டர். அவரிடமேதான் செய்வோம். வெளிநாட்டிலிருந்து வந்து பெற்றோருக்கு அறுவை சிகிச்சை செய்விப்பவர்களுக்குச் சொல்கிறேன்: டிஸ்சார்ஜுக்கு முந்தின மாலையே மறுநாள் மாத்திரைகளுக்குத் தனிச் சீட்டு எழுதி வாங்கி, மருந்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மூட்டின் ஸ்டிக்கர் உள்ள பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில் முடிந்து சக்கர நாற்காலி வரும்வரை அவர்களைப் படுக்க வைத்து, காலை நீட்டியே வைத்திருங்கள்.