விளக்கவுரை வேதாகமம் ஒன்றை யூதா 6-ல் வைத்துச் சோதித்தது

கன்வென்ஷன் பந்தலுக்கு வெளியே போடும் புத்தக ஸ்டாலில், நடு மேசையில் அடுக்கி வைத்திருப்பார்களே, மெரூன் உறை விளக்கவுரை வேதாகமம், அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஜிப் வைத்த உறை, ஓரத்தில் பொன்பூச்சு, நடுப்பத்தியில் ஒத்தவாக்கியம் (ஒரு வசனத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய வேறு வசனங்களின் எண்), பக்கத்தின் அடியில் விளக்கக் குறிப்பு. அச்சிட்டவர்கள் பேரைப் போடவில்லை. நாலு குறை சொல்லப்போகிறேன். பாவம், அவர்களும் ஊழியமாக நினைத்துத்தான் செய்கிறார்கள்.

எங்கள் சி.எஸ்.ஐ. சபையில், பிள்ளைகளை முதல் திருவிருந்துக்கு ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பு எடுக்கிறவள் நான். ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளைகள். பத்துக் கட்டளையும் விசுவாசப்பிரமாணமும் தடங்கலில்லாமல் ஒப்பிப்பார்கள். அதற்கப்புறம் ஒரு பையன் கையைத் தூக்கி, "டீச்சர், சாத்தானைக் கடவுள் ஏன் படைச்சார்?" என்பான். வருஷம் தவறாமல் அப்படி ஒருத்தன் வந்துவிடுகிறான். அதனால் எந்த விளக்கவுரைப் பைபிள் கைக்கு வந்தாலும் நான் யோவான் 3:16-ஐத் திறப்பதில்லை. அந்த இடத்தில் யாரும் சறுக்க மாட்டார்கள். வேதம் கொஞ்சமாகப் பேசுகிற இடத்தில், குறிப்பு எழுதினவர் தானும் கொஞ்சமாகப் பேசினாரா, அளந்துவிட்டாரா என்று பார்ப்பேன். விழுந்துபோன தூதர்கள் விஷயம் அதற்குத் தோதான இடம்.

புதிய ஏற்பாட்டின் கடைசிக்கு முந்தின புத்தகமான யூதா நிருபத்தில் தொடங்கினேன். ஒரே அதிகாரம், 25 வசனம். ஆறாம் வசனம், ஆதிமேன்மையைக் காத்துக்கொள்ளாமல் தங்கள் வாசஸ்தலத்தை விட்டுவிட்ட தூதர்களைத் தேவன் மகாநாளின் நியாயத்தீர்ப்புக்கென்று நித்திய சங்கிலிகளாலே கட்டி அந்தகாரத்தில் அடைத்து வைத்திருக்கிறார் என்கிறது. நடுப்பத்தி அங்கிருந்து ஆதியாகமம் 6, வெளிப்படுத்தல் 12, மத்தேயு 25:41 என்று கூட்டிப்போகிறது. வகுப்பில் பிள்ளைகளையே தேடி எடுக்கச் சொன்னேன். இந்தப் பைபிளின் பலம் இந்தப் பத்திதான். கொடுத்த காசு இதற்கே சரியாகிவிட்டது.

காரணம் சொல்கிறேன். விடுமுறை வேதாகமப் பள்ளி நாளிலிருந்து நாம் எல்லாரும் கேட்ட கதை ஒன்று உண்டு. லூசிபர் பரலோகப் பாடகர் குழுவுக்குத் தலைவன், அழகன், பெருமை தலைக்கேறியது, தூதர்களில் மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்துக்கொண்டு கலகம் பண்ணினான், ஆதாமைப் படைப்பதற்கு முன்னாலேயே கீழே தள்ளப்பட்டான். இந்த முழுக் கதையும் வேதத்தில் ஒரே இடத்தில் கிடையாது. ஏசாயா 14-ல் ஒரு துண்டு, எசேக்கியேல் 28-ல் ஒரு துண்டு, வெளிப்படுத்தல் 12-ல் ஒரு துண்டு. ஒத்தவாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு போனால் ஒட்டுப்போட்ட தையல் எல்லாம் பிள்ளைகள் கண்ணுக்கே தெரிகிறது. ஏசாயா 14:4, இது பாபிலோன் ராஜாவின்மேல் சொல்லும் பாட்டு என்று தொடங்குகிறது. எசேக்கியேல் 28:12, தீரு ராஜாவின்பேரில் புலம்பச் சொல்கிறது. வெளிப்படுத்தல் 12-ல் வலுசர்ப்பத்தின் வால் நட்சத்திரங்களில் மூன்றில் ஒரு பங்கை இழுப்பது நாலாம் வசனம். ஆண்பிள்ளை, அதாவது கிறிஸ்து என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறவர், தேவனிடத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவது ஐந்தாம் வசனம். மிகாவேலின் யுத்தம் அதற்கும் பிறகு, ஏழாம் வசனத்தில். "அப்ப இது ஆதாமுக்கு முந்தி நடந்ததுன்னு எப்படி டீச்சர் சொல்றாங்க?" என்று பெஞ்சுக் கடைசியில் இருந்த பெண் கேட்டாள். நல்ல கேள்வி.

பக்கத்தடிக் குறிப்போ இதற்கு நேர் எதிர். விடிவெள்ளி வானத்திலிருந்து விழுந்ததைச் சொல்லும் ஏசாயா 14:12-க்கு, "சாத்தானின் வீழ்ச்சியின் வரலாறு" என்று தடித்த எழுத்தில் ஒரு தலைப்பு, கீழே ஏழெட்டு வரி, பாபிலோன் ராஜா பற்றி ஒரு சொல் இல்லை. சாத்தானைப் பற்றியும் இங்கே பேசுகிறது என்று மூன்றாம் நூற்றாண்டுச் சபை ஆசிரியர் ஒரிகனிலிருந்து பலர் எடுத்துக்கொண்டது உண்மைதான், அது சபையின் பழைய வாசிப்பு. ஆனால் சீர்திருத்தச் சபைத் தலைவர் கால்வின் தன் ஏசாயா விளக்கத்தில் அதை ஏற்கவே இல்லை, ராஜாவைப் பற்றித்தான் பேசுகிறது என்று கறாராகச் சொல்லிவிட்டார். இரண்டையும் சொல்லி விட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? பிள்ளைகள் நாலாம் வசனத்தை வாசித்துவிட்டுக் குறிப்பையும் வாசித்தால், வேதத்தைவிடக் குறிப்புக்குத்தான் அதிகம் தெரியும்போல என்று நினைக்கிறார்கள்.

ஆதியாகமம் 6-ல் அதே ஆட்கள் எழுதினார்களா என்று சந்தேகம் வரும் அளவுக்கு நிதானம். மனுஷ குமாரத்திகளை மணந்துகொண்டதாக அங்கே வரும் தேவகுமாரர் என்பவர்கள் தூதர்கள் என்று யுஸ்தீன் போன்ற ஆதி ஆசிரியர்கள் சொன்னதையும், இல்லை, ஆதாமின் மகன் சேத்தின் வம்சத்தார் என்று பிற்காலத்து ஆசிரியர் அகுஸ்தீன் சொன்னதையும் இரண்டு பத்தியில் அழகாக வைத்து, தீர்ப்புச் சொல்லாமல் நிறுத்திவிட்டார்கள். 2 பேதுரு 2-லும் அப்படியே. பாவஞ்செய்த தூதர், பிறகு ஜலப்பிரளயம், பிறகு சோதோம் என்று பேதுரு வரிசை போடுகிறாரே, அந்த வரிசையைச் சுட்டிக்காட்டி, கட்டப்பட்ட தூதர்கள் ஆதியாகமம் 6-ல் வருகிறவர்களாக இருக்கலாம் என்று ஒரு குறிப்பு. இதுதான் வகுப்பில் எனக்கு உதவிற்று. ஏனென்றால் அடுத்த கேள்வி தயாராக இருந்தது: கட்டிப்போட்டிருந்தால், 1 பேதுரு 5:8 சொல்கிறபடி பிசாசு கெர்ச்சிக்கிற சிங்கம்போல எப்படிச் சுற்றித் திரியும்? கட்டப்பட்டவர்கள் சிலர், திரிகிறவர்கள் வேறே சிலர், எல்லாருக்கும் நாள் குறித்தாயிற்று என்கிறது குறிப்பு. மத்தேயு 8:29-க்கும் ஒத்தவாக்கியம் தருகிறது. அங்கே பிசாசுகளே "காலம் வருமுன்னே எங்களை வேதனைப்படுத்த இங்கே வந்தீரோ" என்று அலறுகின்றன. தங்களுக்கு ஒரு நாள் இருப்பது அவற்றுக்குத் தெரியும்.

ஏனோக்கின் பேரில் வழங்கும் பழைய யூத நூலான ஏனோக்கு புத்தகத்தைப் பற்றி ஒரே வரியில் "தள்ளுபடி ஆகமம்" (வேதத்தில் சேர்க்காத நூல்) என்று முடித்துவிட்டது எனக்குப் பிடிக்கவில்லை. யூதா 14, 15-ல் ஏனோக்கு சொன்னதாக வருவது அந்தப் புத்தகத்தில் இருக்கிற வாக்கு. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபை இன்றைக்கும் அதை வேதாகமத்தில் வைத்திருக்கிறது. சவக்கடல் சுருள்கள் கிடைத்த கும்ரானின் நாலாம் குகையில் அதன் அரமேயுத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. 200 தூதர்கள் எர்மோன் மலையில் இறங்கிய கதை அதில் உண்டு. அவர்களில் அசாசேல் மனுஷருக்கு வாள் அடிக்கவும் கண்ணுக்கு மை தீட்டவும் கற்றுக்கொடுக்கிறான். ரபாயேல் தூதன் அவனைக் கையும் காலும் கட்டி, வனாந்தரத்துப் பள்ளத்தில் போட்டு, மேலே கரடுமுரடான கல்லை அடுக்கி, நியாயத்தீர்ப்பு நாள்வரை இருளில் மூடிவைக்கிறான். யூதாவின் சங்கிலியும் அந்தகாரமும் அன்றைய வாசகர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று தெரிய இதைவிட வேறென்ன வேண்டும்? நம்ம சபை அதை வேதமாக ஏற்கவில்லை, சரி. விளக்கவுரையில் ஒரு பத்தி கொடுப்பதற்கு என்ன?

இந்தப் பதிப்பிலேயே எனக்குப் பிடித்த குறிப்பு எபிரெயர் 2:16-க்குக் கீழே இருப்பது. அவர் தேவதூதருக்கு உதவியாகக் கைகொடாமல் ஆபிரகாமின் சந்ததிக்குக் கைகொடுத்தார் என்ற வசனம். விழுந்த தூதர்களுக்கு மீட்பு உண்டென்று வேதம் எங்கும் சொல்லவில்லை, ஏன் இல்லை என்றும் சொல்லவில்லை என்று இரண்டே வரி. அதைக் கேட்டதும் கடைசி பெஞ்சுப் பெண், "நமக்கு மட்டும் எதுக்கு டீச்சர்?" என்றாள். எல்லாரும் கடைசியில் திருந்திவிடுவார்கள் என்று ஒரிகன் நம்பியதையும், பிற்காலச் சபை அதைத் தள்ளியதையும் சொன்னேன். ஒருமுறை தெரிந்தெடுத்தபின் தூதருக்கு மனம் மாறாது என்று இடைக்கால இறையியலாளர் தோமா அக்குவினா வாதாடியதையும் சொன்னேன். அவள் முகத்தில் திருப்தி இல்லை. எனக்கும் முழுத் திருப்தி கிடையாது. முதல் கேள்வி கேட்ட பையனுக்கு 1215-ல் கூடிய கத்தோலிக்கச் சபையின் நாலாம் லாத்தரான் சங்கத்தின் தீர்மானம் போதுமாக இருந்தது: தேவன் பிசாசுகளை நல்லவர்களாகவே படைத்தார், கெட்டது அவர்களாகவே. சி.எஸ்.ஐ. வகுப்பில் லாத்தரான் சங்கமா என்று எங்கள் போதகர் ஐயரவர்கள் சிரித்தார்.

பின்னிணைப்பில் "ஆவிக்குரிய யுத்தம்" என்று ஒரு கட்டுரை. அசுத்த ஆவிகளுக்குப் பதவி வரிசை, எந்த ஆவியை எந்த வார்த்தையால் கட்ட வேண்டும் என்று கட்டம் போட்ட அட்டவணை. கலெக்டர், தாசில்தார், வி.ஏ.ஓ. என்று அலுவலகப் பலகை மாட்டினதுபோல இருக்கிறது. யூதா 9-ல் பிரதான தூதனாகிய மிகாவேலே பிசாசைத் தூஷிக்கத் துணியாமல், "கர்த்தர் உன்னைக் கடிந்துகொள்வாராக" என்று மட்டும்தான் சொன்னான். அந்தப் பக்கங்களை நான் ரப்பர் பேண்டு போட்டு மூடிவைத்திருக்கிறேன்.

அச்சு விஷயம். தாள் மெல்லிசு, பின்பக்கத்து எழுத்து நிழலடிக்கிறது, டியூப்லைட்டுக்குக் கீழே குறிப்பை வாசிப்பது சிரமம். விரல் வைக்கும் அடையாள வெட்டு சுத்தமாக இருக்கிறது. ஜிப் தையல் வாங்கின கொஞ்ச நாளிலேயே ஒரு மூலையில் விட்டுப்போனது, செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து வாங்கினேன். யூதா 6-க்கு ஒத்தவாக்கியம் 2 பேதுரு 2:4 என்று வர வேண்டியது, 2:14 என்று விழுந்திருக்கிறது. அது விபசாரக் கண்களைப் பற்றிய வசனம். ஒரு பையன் சத்தமாக வாசித்துவிட, வகுப்பே அடங்க நேரமானது. பேனாவால் திருத்திவிட்டேன்.

ஓய்வுநாள் பள்ளியோ வாலிபர் கூட்டமோ நடத்துகிறவர்கள் வாங்கலாம், நடுப்பத்திக்காக. குறிப்புகளைக் கூடவே ஒரு பென்சில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். புதிதாக வாசிக்கத் தொடங்குகிறவருக்குப் பரிசாகக் கொடுக்க நினைத்தால் இது வேண்டாம். குறிப்பே இல்லாத சாதாரண ஒத்தவாக்கிய வேதாகமம் இதைவிட நல்ல மலிவாகக் கிடைக்கிறது, எழுத்தும் பெரிசு.