இரு துறைகள், ஒரே விண்ணப்பம்: அனுபவப் பட்டியலை எந்தப் பக்கம் சாய்ப்பது?

அமெரிக்காவில் ரெசிடென்சிக்கு, அதாவது மருத்துவப் பட்டத்துக்குப் பிந்தைய சிறப்புத் துறைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது, விரும்பிய துறை கிடைக்காமல் போகலாம் என்று மாற்றுத் துறை ஒன்றையும் சேர்த்துக்கொள்பவருக்கு, அதற்கான இணையவழி விண்ணப்ப அமைப்பான ஈராஸ் ஓரளவு தாராளமாகவே இடம் தருகிறது. தம்மைப் பற்றியும் அத்துறையைத் தேர்ந்த காரணத்தைப் பற்றியும் எழுதும் பெர்சனல் ஸ்டேட்மென்ட்டைத் துறைக்கு ஒன்றாக எழுதி, எந்த இடத்துக்கு எது என்று ஒதுக்கலாம். பரிந்துரைக் கடிதங்களையும் ஒவ்வோர் இடத்துக்கும் நான்கு வரை தனித்தனியே தேர்ந்தெடுக்கலாம். குறிப்பிட்ட இடத்தில் தமக்கு உள்ள தனி ஆர்வத்தைத் தெரிவிக்கும் சிக்னல்கள் துறைவாரியாகக் கணக்கிடப்படுவதால், ஒன்றுக்கு அனுப்புவது மற்றொன்றின் பங்கைக் குறைப்பதில்லை. அனுபவப் பட்டியல் மட்டும் அப்படியல்ல. அதிகபட்சம் 10 அனுபவங்கள், ஒவ்வொன்றுக்கும் 750 எழுத்துகள், மிகவும் பொருளுள்ளவை என்று நாம் குறிக்கும் மூன்றுக்கு மட்டும் மேலும் 300 எழுத்துகள் என்ற அளவில் அமையும் அந்தப் பகுதியைச் சமர்ப்பித்தபின் திருத்த முடியாது. இரு துறைத் தேர்வுக் குழுக்களும் அதையே படிக்கும்.

தோல் மருத்துவத்தை முதலாகவும் இன்டர்னல் மெடிசின் எனப்படும் பொது மருத்துவத்தை மாற்றாகவும் கொண்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, பட்டியல் முழுவதையும் தோல் மருத்துவத்துக்கே கொடுத்துவிட்டு, மாற்றுத் துறைக்கான விளக்கத்தைப் பெர்சனல் ஸ்டேட்மென்ட்டிடம் விட்டுவிடுவது. போட்டி கடுமையான துறையில் இது வலுவான விண்ணப்பம்தான். ஆனால், பத்தும் தோலைப் பற்றியே பேசும் பட்டியலைப் பார்க்கும் இன்டர்னல் மெடிசின் குழுவுக்கு, இவர் மனம் எங்கே இருக்கிறது என்பது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். அதன்பின் படிக்கும் பெர்சனல் ஸ்டேட்மென்ட் வெறும் சமாதானமாகவே ஒலிக்கும்.

இரண்டாவது வழி, ஐந்துக்கு ஐந்து என்று பிரித்துக்கொள்வது. நியாயமாகத் தோன்றினாலும் மூன்றில் இதுவே பலவீனமானது என்பது என் கருத்து. இரு குழுக்களுமே பாதிப் பட்டியலைத் தமக்கு உரியதல்ல என்று தள்ளிவிடும். இடத்தை நிரப்புவதற்காகச் சேர்த்த சில நாள் தன்னார்வப் பணியும் அப்பட்டமாகத் தெரியும்.

மூன்றாவது வழி, தேர்வில் முதல் துறைப் பக்கம் சாய்ந்தாலும், விவரிப்பில் இரு துறைகளுக்கும் பொதுவான தளத்தில் நிற்பது. சோரியாசிஸ் என்ற நாள்பட்ட தோல் நோய் பற்றிய ஆய்வில் இரண்டு ஆண்டுகள் உழைத்தவர், தோலில் தெரியும் திட்டுகளோடு நிறுத்தாமல், அந்நோயாளிகளுக்கு இதயநோய் அபாயம் கூடுதலாக இருப்பதைத் தாம் எவ்வாறு கவனிக்கக் கற்றார் என்பதையும் எழுதினால், அதே 750 எழுத்துகளில் ஒரு குழு தோல் மருத்துவரையும் மற்றொரு குழு உடல் முழுவதையும் பார்க்கும் மருத்துவரையும் காணும். உடலின் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோயும் மருந்து ஒவ்வாமைத் தடிப்பும் இவ்வாறே இரு பக்கமும் வேர் உள்ளவை. இது மறைத்தல் அன்று. செய்யாத வேலையை இட்டுக்கட்டினால்தான் அது பொய்யாகும். மறைக்கவும் முடியாது, ஏனெனில் ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியலும் இரு துறைகளுக்கும் பொதுவானதே.

இந்த ஜோடிக்கு மூன்றாவது வழி எளிதாகப் பொருந்துவதற்கு ஒரு காரணம் உண்டு. தோல் மருத்துவ இடங்களில் பெரும்பாலானவை ரெசிடென்சியின் இரண்டாம் ஆண்டிலிருந்தே தொடங்குவதால், முதல் ஆண்டுப் பயிற்சிக்காக அவர் எப்படியும் பொது மருத்துவக் குழுக்களை அணுகியாக வேண்டும். எலும்பு அறுவை சிகிச்சையும் மனநல மருத்துவமும் போலத் தொலைவான ஜோடியாக இருந்தால் பொதுத்தளம் குறுகிவிடும். அப்போது முதல் வழியைத் தேர்ந்து, பொருளுள்ள மூன்றில் ஒன்றை மட்டும், கற்பித்தல் அல்லது நெடுநாள் சமூகப் பணி போல எந்தத் துறைக்கும் உரியதொன்றுக்கு ஒதுக்குவதே நல்லது.

இரண்டில் ஒன்று மகப்பேறு மருத்துவமாகவும் மற்றொன்று ஈராஸில் உள்ள துறையாகவும் இருந்தால் இந்தச் சிக்கலே எழாது. அத்துறை 2024-25 பருவத்திலிருந்து ரெசிடென்சிகேஸ் என்ற வேறு அமைப்புக்கு மாறிவிட்டதால், குடும்ப மருத்துவத்தை மாற்றாக வைத்திருப்பவர் இரண்டு தனி விண்ணப்பங்களையும், அவற்றில் இரண்டு தனி அனுபவப் பட்டியல்களையும் எழுதலாம். வேலை இரட்டிப்பாகும் என்பது உண்மைதான்.