பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்: இந்த முறை இரண்டாம் பக்கம்

விடுதி அறையில் நான்கு பேருக்கு ஒரே ஒரு டேப் ரெக்கார்டர். அதில் பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' தேய்ந்த அளவுக்கு வேறெந்தக் கேசட்டும் தேயவில்லை. தேய்ந்தது முதல் பக்கம் மட்டும்தான். 'வாக் ஆஃப் லைஃப்' முடிந்ததும் யாராவது எட்டி ரீவைண்டை அழுத்திவிடுவான். நாடா சிக்கினால் பென்சில் விட்டுச் சுற்றுவது என் வேலை.

போன மாதம் இதே ஆல்பத்தின் 1985 இசைத்தட்டு, பழைய சரக்கு, 1,800 ரூபாய்க்குக் கிடைத்தது. "கீறலே இல்லை சார்" என்றார் விற்றவர். மூன்றாவது பாட்டில் டக், டக் என்று இருக்கிறது. சரி, போகட்டும். நான் ஏமாந்தது வேறு இடத்தில். பல வருடமாக என்னிடம் இருக்கும் சிடியில் 'வொய் வொரி' எட்டரை நிமிடம். தட்டில் ஐந்தரைகூட இல்லை! கடைசியில் கிடாரும் கீபோர்டும் மட்டும் நிதானமாகப் பேசிக்கொள்ளுமே, அதில் பெரும்பகுதியை வெட்டிவிட்டார்கள். ஒரே தட்டில் எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். பக்கம் நீளமானால் வரிப்பள்ளங்கள் நெருங்கி ஒலி மெலிந்துவிடும். டிஜிட்டலில் பதிவாகி, சிடியாகப் பத்து லட்சம் விற்ற முதல் ஆல்பம் இது. பாட்டுகள் முழு நீளத்தில் இருப்பது சிடியில்தான். பழைய ஒற்றைத் தட்டுதான் அசல் என்று நம்பி வாங்குபவர்கள் கவனிக்கவும்.

'மனி ஃபார் நத்திங்' இன்னும் நிற்கிறதா? டிரம்ஸ் ஏறி ஏறி வந்து அந்தக் கிடார் வெடிக்கும் இடம் நிற்கிறது. ஆரம்பத்தில் கூவுவது 'த போலீஸ்' குழுவின் பாடகர் ஸ்டிங். பதிவு நடந்த கரீபியன் தீவான மான்ட்செராட்டுக்கு விடுமுறைக்கு வந்திருந்தவரைப் பிடித்துப் பாட வைத்தார்கள். மெட்டு அவருடைய பழைய பாட்டை ஒத்திருந்ததால் பாட்டில் பங்கும் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. வரிகள், நியூயார்க்கில் வீட்டுச் சாமான் கடை ஆள் ஒருவர் டிவியில் வந்த பாடகர்களைப் பார்த்துப் புலம்பியதை, குழுவின் பாடகரும் கிடார்காரருமான மார்க் நாஃப்ளர் கேட்டு எழுதியவை. பேசுவது அந்த ஆள்தான், நாஃப்ளர் அல்ல. தெரிந்தும், ஓரினச் சேர்க்கையாளர்களை இழிவாகச் சொல்லும் சொல் வரும் இடத்தில், பக்கத்தில் மகள் இருந்ததால் ஒலியைக் குறைத்தேன். 'வாக் ஆஃப் லைஃப்' கீபோர்டு இப்போது பொம்மை ரயில் மாதிரி கேட்கிறது. இந்தப் பாட்டையே ஆல்பத்தில் சேர்க்க வேண்டாம் என்று உடன் தயாரித்த நீல் டார்ஃப்ஸ்மன் நினைத்தாராம். இன்று என் ஓட்டு அவருக்குத்தான்.

அப்புறம் தட்டைத் திருப்பிப் போட்டேன். நாங்கள் ரீவைண்ட் செய்து ஒதுக்கிய பக்கம். நான்கு பாட்டில் மூன்று போரைப் பற்றியவை என்பது இத்தனை வயதுக்குப் பிறகுதான் எனக்கு உறைக்கிறது. 'ரைட் அக்ராஸ் த ரிவர்' இருட்டில் ஆற்றைக் கடக்கும் ஆயுதக்காரனின் பாட்டு. புல்லாங்குழல் போன்ற கீபோர்டு, அடியில் ரெக்கே தாளம். 'த மேன்ஸ் டூ ஸ்ட்ராங்' கொடுமைகள் செய்து கிழடான ஒருவனின் வாக்குமூலம். மெல்லிய கிடாரில் முணுமுணுத்துக்கொண்டே வருபவன் மீது திடீரென்று பெரிய அடி விழுகிறது. பதினெட்டு வயதில் இது எனக்குச் சத்தமாக மட்டும் கேட்டது. 'ஒன் வேர்ல்ட்' அப்போதும் சுமார், இப்போதும் சுமார்.

தலைப்புப் பாடல், பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய 1982 ஃபாக்லாந்து போரை ஒட்டி எழுதியது. நாஃப்ளர் இதில் பாடுவதைவிட நிறுத்துவதுதான் அதிகம். ஒரு வரி, பிறகு லெஸ் பால் கிடாரில் பதில். அவசரமே இல்லை. சாகப்போகிறவன் மூச்சு வாங்கிப் பேசுவது போல.

வாங்குவதென்றால் பாடல்களை முழு நீளத்தில் இரண்டு தட்டுகளாக வெளியிட்ட பிந்தைய பதிப்பை வாங்குங்கள், இல்லை பேசாமல் சிடி. என் ஒற்றைத் தட்டை நான் விற்கப் போவதில்லை. நல்லவேளை, கீறல் முதல் பக்கத்தோடு சரி. தலைப்புப் பாடல் இடிமுழக்கத்தோடு தொடங்கும். அன்று சாயங்காலம் அது உருண்டபோது, மாடியில் துணி காய்கிறது என்று என் மனைவி எழுந்து ஓடிவிட்டாள்.