ஐ-எடிசன் தளம்: என்.ஐ.எச். மானியம் பெறுவோருக்கு ஒரு மதிப்பீடு

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களான என்.ஐ.எச். தரும் மானியத்தில் நடக்கும் ஆய்வில் காப்புரிமைக்குத் தகுந்த எதுவும் பிறந்தால், அமெரிக்கப் பல்கலைக்கழகமோ சிறு நிறுவனமோ அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய இடம் ஐ-எடிசன். 1995-இல் என்.ஐ.எச். தொடங்கிய இந்தத் தளம், 2022 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டின் பொறுப்புக்கு மாறிப் புதிதாகக் கட்டப்பட்டது. கண்டுபிடிப்பின் உரிமையை மானியம் பெற்றவரே வைத்துக்கொள்ள 1980-இன் பே-டோல் சட்டம் வழிவிட்டது. அதற்கு ஈடாக அது சுமத்திய கடமைகளில் பெரும்பாலானவை இங்கேதான் நிறைவேற வேண்டும்.

ஆவணக் களஞ்சியம் என்ற அளவில் தளம் நன்றாகவே வேலை செய்கிறது. அமெரிக்க அரசுத் தளங்களுக்கான பொது நுழைவுச் சேவை லாகின்.கவ் கணக்கில் நுழையலாம். ஒரே கண்டுபிடிப்புக்குப் பல துறைகளின் மானியம் இருந்தாலும் ஒரே பதிவு போதும். பெரிய அலுவலகங்கள் தங்கள் மென்பொருளிலிருந்தே தகவல் அனுப்ப, மென்பொருள்களை இணைக்கும் ஏபிஐ உண்டு.

ஆனால் கெடுக்களுக்கு இதை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து. முதல் கெடு, தளத்தில் எதையும் பதியும் முன்பே ஓடத் தொடங்கிவிடுகிறது. கண்டுபிடித்தவர் காப்புரிமைப் பொறுப்பாளரிடம் எழுத்தில் சொன்ன நாளிலிருந்து 2 மாதங்களுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். விவரமான ஒரு மின்னஞ்சலை, ‘படிவம் இன்னும் வரவில்லை’ என்று ஓரம் வைக்கும் அலுவலகங்களில்தான் இது தவறுகிறது. மின்னஞ்சல் வந்த தேதியையே முதல் தேதியாகக் குறித்து வைப்பதுதான் பாதுகாப்பு.

ஒரு பக்கச் சுருக்கத்தைப் பதிவேற்றினால் தெரிவித்ததாக ஆகிவிடாது. மானிய எண், கண்டுபிடித்தவர்கள் பெயர், கண்டுபிடிப்பு எப்படி வேலை செய்கிறது என்று புரியும் அளவுக்குத் தொழில்நுட்ப விவரம், வெளியீடு அல்லது விற்பனை நடந்திருந்தால் அதன் தேதி, எல்லாமே வேண்டும். ராணுவ ஒப்பந்தம் ஒன்றில் தகவலைத் துண்டு துண்டாகக் கொடுத்த கேம்ப்பெல் பிளாஸ்டிக்ஸ் நிறுவனம், 2004 தீர்ப்பில் உரிமையையே இழந்தது.

உரிமையை வைத்துக்கொள்கிறோமா என்று சொல்ல, கண்டுபிடிப்பை அரசுக்குத் தெரிவித்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் உண்டு. ஆனால் மாநாட்டுச் சுவரொட்டியோ ப்ரீபிரிண்ட்டோ (இதழில் வருமுன் இணையத்தில் இடும் கட்டுரை) வெளிவந்துவிட்டால் கணக்கு மாறும். அமெரிக்காவில் விண்ணப்பிக்க அதிலிருந்து ஓராண்டுதான். அந்த ஆண்டு முடிவதற்கு 60 நாட்களுக்கு முன்பே முடிவைச் சொல்லும்படி துறை கெடுவைக் குறைக்கலாம். வெளிநாடுகள் பலவற்றில் வெளியீட்டோடு வாய்ப்பே போய்விடும். வெளியீட்டுத் தேதிப் பகுதியைக் காலியாக விடுவதால் வரும் இழப்பு இதுதான்.

அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் அடுத்தது. முடிவைச் சொன்ன ஓராண்டுக்குள் முதல் விண்ணப்பம் போட வேண்டும், அது ப்ரொவிஷனலாக, அதாவது தற்காலிக முன்விண்ணப்பமாக, இருக்கலாம். காப்புரிமைச் சட்டப்படி அதை முழு விண்ணப்பமாக்க 12 மாதம் உண்டு என்பது வழக்கறிஞர்கள் பழகிய கணக்கு. பே-டோல் விதியில் அது 10 மாதம். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த திருத்தம் இது. நீட்டிப்பு கேட்கலாம், ஆனால் கேட்க வேண்டும். கெடு தவறியதை அறிந்த 60 நாட்களுக்குள் மட்டுமே அரசு உரிமையைக் கோரலாம் என்ற பழைய வரம்பையும் அதே திருத்தம் நீக்கிவிட்டது. பழைய தவறுகள் தாமாக ஆறிப்போகும் என்று இனி யாரும் இருக்க முடியாது.

விண்ணப்பத்தைத் தொடர விருப்பமில்லையென்றால் காப்புரிமை அலுவலகத்துக்குப் பதிலளிக்கும் கெடுவுக்கு 60 நாட்களுக்கு முன்பே தெரிவிக்க வேண்டும், அப்போதுதான் அரசு அதை எடுத்து நடத்த முடியும். விண்ணப்பத்தின் விவரக்குறிப்பில் அரசு உதவியோடு பிறந்தது என்று சொல்லும் வாசகமும் சரியான மானிய எண்ணும் இருக்கின்றனவா என்று தாக்கல் செய்வதற்கு முன்பே பார்ப்பது நல்லது. காப்புரிமை கிடைத்தபின் திருத்தத் தனிச் சான்றிதழ் வாங்க வேண்டிவரும். கண்டுபிடிப்பைப் பயன்படுத்த அரசுக்கு உள்ள அனுமதியை உறுதிப்படுத்தும் உரிமத்தையும் பதிவேற்ற வேண்டும்.

உரிமையை வைத்துக்கொள்வதாகச் சொன்னபின் ஆண்டுதோறும் பயன்பாட்டு அறிக்கை தர வேண்டும்: வளர்ச்சி நிலை, முதல் விற்பனை, ராயல்டி. கண்டுபிடிப்பைப் பயன்படுத்த உரிமம் வாங்கியவர் தகவல் தர வேண்டும் என்ற விதி ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் இந்தப் பகுதியை நிரப்ப வழியில்லை. அமெரிக்க விற்பனைக்குத் தனி உரிமம் பெற்றவர் பெரும்பாலும் அமெரிக்காவிலேயே உற்பத்தி செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இந்த நிபந்தனையிலிருந்து விலக்கு கோரும் விண்ணப்பத்தை ஐ-எடிசனிலேயே சமர்ப்பிக்கலாம்.

திட்டம் முடிந்த 120 நாட்களுக்குள் தர வேண்டிய எச்.எச்.எஸ். 568 என்ற இறுதிக் கண்டுபிடிப்பு அறிக்கை ஐ-எடிசனில் சேராது, தனி வழியாகப் போகிறது. கண்டுபிடிப்பு எதுவுமில்லை என்றாலும் அதைத் தந்தாக வேண்டும். இரண்டிலும் உள்ள பட்டியல் பொருந்தாவிட்டால் மானியக் கணக்கை முடிப்பது தாமதமாகும். துணை மானியம் பெற்ற நிறுவனம் தன் கண்டுபிடிப்பைத் தானே பதிய வேண்டும், முதன்மை நிறுவனம் அந்த உரிமையைக் கேட்டு வாங்கிக்கொள்ளக் கூடாது.

ஓரிரு கண்டுபிடிப்புகள் மட்டுமே உள்ள சிறு நிறுவனத்துக்கு ஐ-எடிசனும் கவனமாக வைத்த ஒரு நாட்காட்டியும் போதும். அதற்கு மேல் போனால் தனிக் கெடு மேலாண்மை மென்பொருள் தேவை. எந்த அளவானாலும் கணக்கை ஒருவர் பெயரில் மட்டும் விடாதீர்கள், அவர் வேலை மாறினால் அறிவிப்புகளைப் பார்க்க ஆளிருக்காது.